எஸ்.பி.எம். முடித்த மகள் சமையற்கலை படிக்க ஆசைப்படுகிறாள், கே.எல். (கோலாலம்பூர்) பக்கம் எந்தக் கல்லூரி?

கிள்ளான்_அப்பா
ஞாயிறு, இரவு 9.20

வணக்கம் எல்லாருக்கும். மூத்த மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள், ஐந்து பாடத்தில் கிரெடிட், அதாவது நல்ல தேர்ச்சி. கணக்கியல் எடு, தாதிமைக்குப் போ என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், அவள் சமையற்கலைதான் படிப்பேன் என்று நிற்கிறாள். இந்த ஆசை நேற்று முளைத்ததில்லை. பதிமூன்று வயதிலிருந்தே எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு அவள் கையில்தான். போன வருடம் என் தங்கை மகன் காதுகுத்துக்கு எண்பது பேருக்கு அவளும் என் அம்மாவும்தான் சமைத்தார்கள், சோறு மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

அதே அம்மாதான் இப்போது, "நான் சும்மா சொல்லிக் கொடுத்ததைப் படிக்க வெளியே போய் ஐம்பதாயிரம் வெள்ளி கொட்டணுமா" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கே.எல்.-இல் நடந்த கல்விக் கண்காட்சிக்குப் போனோம். எல்லாக் கடையிலும் உயரத் தொப்பி போட்ட ஒருவர் கேக் அலங்கரித்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு பெண் உடனே பதிவு செய்தால் கட்டணத்தில் கழிவு என்றார். ஓர் இடத்தில் 18 ஆயிரம், இன்னோர் இடத்தில் 60 ஆயிரத்துக்கு மேல். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கையேட்டைத்தான் நீட்டுகிறார்கள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், ஷிப்ட் வேலை, அடுத்து இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு தடவைதான் இந்தப் பணத்தைப் போட முடியும். இந்தத் துறையில் இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


சூடான_அடுப்பு
ஞாயிறு, இரவு 11.48

அண்ணே, நான் கே.எல். ஹோட்டல் ஒன்றில் சூ செஃப், அதாவது தலைமைச் சமையல்காரருக்கு அடுத்த இடம். அடுப்படியில் பதினாறு வருடம். இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன், அதனால் நேரே சொல்கிறேன்.

முதலில் உங்கள் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கற்றுக்கொள்வது நாக்கு. அது இல்லாத பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் அதைக் கொடுத்துவிட முடியாது, ஆகவே உங்கள் மகள் ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டாள். மீதிப் பாதி வேறு மாதிரியானது. பத்துக் கிலோ கோழி வாங்கினால் எலும்பும் தோலும் போக எத்தனை கிலோ தட்டுக்குப் போகிறது, 28 வெள்ளிக்கு விற்கும் தட்டில் பொருள்செலவு எட்டு ஒன்பது வெள்ளிக்குள் நிற்கிறதா, சமைத்த குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி 5 டிகிரிக்கு மேலே எவ்வளவு நேரம் கிடந்தது, அறுநூறு பேருக்குக் காலை உணவு என்றால் முந்தைய நாள் மாலையே எதை வெட்டி வைக்கலாம், எதை வைக்கக் கூடாது. இதை வீட்டில் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவையும் வீட்டில் வராது.

இப்போது கல்லூரி. கண்காட்சியை மறந்துவிடுங்கள். பள்ளி நாள் ஒன்றில், பத்து பதினோரு மணிக்கு, வகுப்பு நடக்கும்போது கல்லூரிக்கே போங்கள். சமையலறைக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒரு அடுப்புக்கு எத்தனை பிள்ளைகள் நிற்கிறார்கள்? நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி இதுதான்: ஒரு பிள்ளை தனியாக ஒரு தட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சமைத்து வைக்கிறதா, நான்கைந்து பேர் கூடி ஒரு தட்டு வைக்கிறார்களா? கூட்டாகச் சமைக்கும் இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை கரண்டியைப் பிடித்துக்கொள்ளும், கூச்சப்படும் பிள்ளை மூன்று வருடமும் வெங்காயம் உரித்துவிட்டு வெளியே வரும். எங்களிடம் வேலைக்கு வரும் டிப்ளோமா பிள்ளைகளில் யார் எந்த மாதிரி இடத்தில் படித்தார்கள் என்பது ஒரு கோழியை வெட்டச் சொன்ன அஞ்சாவது நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது கால அட்டவணை. வாரத்தில் எத்தனை மணி நேரம் சமையலறையில், எத்தனை மணி நேரம் நாற்காலியில்? அதைத் தாளில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அப்புறம் சொல்லிக் கொடுக்கிறவர் கடைசியாக எப்போது உண்மையான சமையலறையில் நின்றார் என்று கேளுங்கள், அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கட்டணம் என்று சொல்லும் தொகைக்குள் சீருடை, கத்திப் பெட்டி, சமையல் பொருள், தேர்வுக் கட்டணம் எல்லாம் அடக்கமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பொருளுக்குத் தனியாக வசூலிக்கும் இடங்களும் உண்டு.


செந்தூல்_பையன்
திங்கள், காலை 7.05

மேலே அண்ணன் சொன்ன வெங்காயம் உரித்த பையன் நான்தான். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை. 2016-இல் சேர்ந்தேன், கே.எல். நடுவில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. சேரும்போது காட்டிய சமையலறை பளபளவென்று இருந்தது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அதே சமையலறையை மூன்று பிரிவுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று. வாரத்துக்கு ஒரே நாள்தான் எங்களுக்கு அடுப்பு. முப்பத்திரண்டு பேர், எட்டு அடுப்பு. ஆசிரியர் செய்து காட்டுவார், நாங்கள் கைப்பேசியில் படம் பிடிப்போம்.

அதைவிட வேதனை தொழிற்பயிற்சி. ஐந்து மாதம் ஒரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். ஐந்து மாதமும் காலை பஃபேக்கு தர்பூசணியும் பப்பாளியும் வெட்டினேன். கல்லூரியிலிருந்து ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. கடைசி நாள் ஒருவர் வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் வாய் திறந்து கேட்டிருக்கலாம், சூடான அடுப்பில் ஒரு வாரம் நிற்க விடுங்கள் என்று. பதினெட்டு வயதில் அந்தத் தைரியம் இல்லை.

அங்கிள், தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே பிள்ளைகளைப் பிரிவு மாற்றி மாற்றி விடுகிறார்களா, கல்லூரியிலிருந்து யார் எத்தனை முறை வந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். போன வருடம் போய் வந்த மாணவர் இரண்டு பேருடைய எண்ணைக் கேளுங்கள். கல்லூரி ஆள் பக்கத்தில் இல்லாமல் அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். நான் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.


மூணாம்_படி
திங்கள், மதியம் 1.15

தொழில்திறன் பயிற்சி மையம் ஒன்றில் சொல்லிக் கொடுக்கிறேன். சான்றிதழ் விஷயத்தை யாரும் தொடவில்லை, அதுதான் பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் இதற்கு இரண்டு பாதை இருக்கிறது. ஒன்று கல்விப் பாதை, டிப்ளோமா, அப்புறம் பட்டம். இதை மலேசியத் தகுதி முகமை, எம்.கியூ.ஏ., பார்த்துக்கொள்கிறது. டிப்ளோமாவில் சேரப் பொதுவாக எஸ்.பி.எம்.-இல் மூன்று கிரெடிட் வேண்டும், உங்கள் மகளுக்கு அது தாராளமாக இருக்கிறது. இன்னொன்று திறன் பாதை, மலேசியத் திறன் சான்றிதழ், எஸ்.கே.எம். ஒன்று, இரண்டு, மூன்று என்று படி ஏறி, நான்காவதில் டி.கே.எம். என்ற திறன் டிப்ளோமா. இது மனிதவள அமைச்சின் கீழ் இருக்கும் திறன் மேம்பாட்டுத் துறையின் கையில் இருக்கிறது. இதில் மூன்றாம் படி வரை ஏற கிரெடிட் கணக்கு பெரிதாக இல்லை, கை வேலைதான் முக்கியம், செலவும் குறைவு. நம் பிள்ளைகளில் பலர் எஸ்.பி.எம். சரியாக வராததால் வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள், இந்தப் பாதை இருப்பதே அவர்கள் வீட்டில் தெரிவதில்லை என்பது எனக்குத் தீராத மனக்குறை.

கடனும் இதைப் பொறுத்தது. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உள்ள டிப்ளோமாவுக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் கேட்கலாம், அதற்கு முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். திறன் பாதைக்கு பி.டி.பி.டி.என். கிடையாது, பி.டி.பி.கே. என்று தனி நிதி. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைசி நேரத்தில் ஓடி வரும் பெற்றோரை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

எம்.கியூ.ஏ. வலைத்தளத்தில் தகுதிப் பதிவேடு இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தேடலாம். கல்லூரி பெயரைத் தேடுவது போதாது. உங்கள் மகள் சேரப்போகும் அந்தப் படிப்பின் பெயரை, அந்த வளாகத்தின் பெயரோடு தேடுங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்று பாருங்கள். புதிதாகத் தொடங்கிய படிப்புக்குத் தற்காலிகம்தான் இருக்கும், அது குற்றமில்லை, ஆனால் முதல் மாணவர் கூட்டம் இன்னும் முடித்து வெளியே போகவில்லை என்பதை அது சொல்லும்.

இன்னொன்று, அரசாங்க சமுதாயக் கல்லூரிகள், கோலேஜ் கொமுனிட்டி. அவற்றில் சிலவற்றில் சமையற்கலைச் சான்றிதழ் படிப்பு இருக்கிறது, ஒரு பருவத்துக்குக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். இடம் கிடைத்தால் யோசிக்காமல் விட்டுவிடாதீர்கள்.


நேரா_வேலை
திங்கள், மாலை 6.30

இவ்வளவு எதற்கு? நேரே வேலைக்கு அனுப்புங்கள். நான் படிக்காமல் பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து இன்று ஒரு மேற்கத்திய உணவகத்தில் லைன் குக், ஒரு அடுப்புப் பிரிவைப் பார்க்கிறவன். மூன்று வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்றுக்கொண்டேன். 60 ஆயிரம் இருந்தால் ஒரு சின்னக் கடையே போடலாம்.


சூடான_அடுப்பு
திங்கள், இரவு 11.30

தம்பி சொல்வதை நான் மதிக்கிறேன், என் சமையலறையிலும் அப்படி வந்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கை வேகம் எனக்கு வராது. ஆனால் தம்பி, நீங்கள் ஆண் பிள்ளை. பதினெட்டு வயதுப் பெண் பிள்ளை தெரியாத உணவகத்தின் பின்வாசல் வழியாக நுழைந்து இரவு பன்னிரண்டு மணி வரை நிற்பதும், கல்லூரி வழியாக ஒப்பந்தத்தோடு பயிற்சிக்குப் போவதும் ஒன்றில்லை. அந்தப் பின்புலம் ஒரு பாதுகாப்பு.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். டிப்ளோமாவோடு வந்தாலும் ஹோட்டலில் கொமி மூன்று என்ற கடைசிப் படியில்தான் ஆரம்பம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, தொடக்கச் சம்பளம் அதை ஒட்டித்தான் இருக்கும், அதற்கு மேலே சேவைக் கட்டணத்திலிருந்து வரும் பங்கு, சர்வீஸ் பாயிண்ட், ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். 60 ஆயிரம் கடன் வாங்கிப் படித்துவிட்டு இந்தச் சம்பளத்தில் திருப்பிக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சேர்வதற்கு முன்னாலேயே தாளில் கணக்குப் போடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லீவு கிடைக்காது. பதினாறு வருடத்தில் எத்தனை தீபாவளி வீட்டில் இருந்தேன் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். மகளிடம் இதை மறைக்காதீர்கள். கேட்ட பிறகும் அவள் முகம் மாறவில்லை என்றால் தாராளமாகச் சேருங்கள்.


கிள்ளான்_அப்பா
செவ்வாய், காலை 6.10

எல்லாருக்கும் நன்றி. இரவு ஷிப்ட் முடிந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், மகளையும் படிக்க வைத்தேன். முகம் மாறவில்லை.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி தொடுவதில்லை. அம்மா ரொம்பக் கண்டிப்பு, மகளுக்கும் அதில் பிடிப்பு உண்டு, யாரும் சொல்லித் திணித்ததில்லை. கல்லூரியில் இது எப்படி நடக்கும்? வெட்டச் சொல்வார்களா, ருசி பார்க்கச் சொல்வார்களா? மதிப்பெண் குறையுமா?


சூடான_அடுப்பு
செவ்வாய், மதியம் 3.05

கூச்சப்பட என்ன இருக்கிறது அண்ணே, நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் வருகிற கேள்வி. நானே முதல் நாள் கை நடுங்க நின்றவன்.

உள்ளது இதுதான். இங்கே பெரும்பாலான ஹோட்டல் சமையலறைகள் ஹலால், அதனால் பன்றி இறைச்சியை அங்கே பார்க்க மாட்டாள், ஆனால் மாடு எல்லா இடத்திலும் இருக்கும். பிரெஞ்சு முறை சொல்லிக் கொடுக்கும் இடத்தில் அது இன்னும் ஆழம், ஏனென்றால் பழுப்பு சாஸுக்கெல்லாம் அடித்தளமே கன்றுக்குட்டி எலும்பை வறுத்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்த சாறுதான். ஸ்டேக் வகுப்பை மட்டும் தவிர்த்தால் போதும் என்று நினைத்தால் அது நடக்காது.

நான் செய்தது, கையுறை போட்டு வெட்டினேன், சமைத்தேன், வாயில் வைக்கவில்லை. நிறம், மணம், கரண்டியின் பின்பக்கத்தில் சாஸ் எப்படி ஒட்டுகிறது என்பதை வைத்துக் கற்றுக்கொண்டேன், உப்புக்கு மட்டும் பக்கத்தில் நிற்கும் நண்பனைக் கேட்பேன். பழுப்பு சாஸின் ருசியைப் பிடிக்க, வறுத்த கோழி எலும்பில் அதே முறையில் வீட்டில் செய்து பார்த்தேன். என் ஆசிரியர் ஒரு மலாய்க்காரர், முதல் வாரமே போய்ச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டார். வைனை வாயில் வைக்காமல் அவரும் அப்படித்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

தொடவே மாட்டேன் என்று உறுதியாக இருந்தால் பேஸ்ட்ரி பக்கம் யோசிக்கலாம். அங்கேயும் ஜெலட்டின் வரும், இங்கே ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ மீனிலிருந்தோ எடுப்பது. சேர்வதற்கு முன்னால் இதைக் கல்லூரியில் நேரே கேளுங்கள், பதில் சொல்லும் விதத்திலேயே அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். ஆனால் பேஸ்ட்ரி என்றால் இரண்டாம் தரம் என்று நினைக்க வேண்டாம். 2019-இல் லியோனில் நடந்த உலக பேஸ்ட்ரி கோப்பையை மலேசியக் குழு ஜெயித்தது, ஜப்பான் இரண்டாவது இடம். நம் ஊரில் கற்றுக்கொள்ள ஆள் இல்லை என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.


பிறை_அக்கா
செவ்வாய், இரவு 8.40

பினாங்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பிறையில் பதினோரு வருடமாகக் கேட்டரிங். எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை, மாமியாரிடம் கற்றுக்கொண்டேன். அதனால் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லப்போவதாக நினைத்தீர்கள் என்றால், இல்லை.

மூன்றாவது வருடம் ஒரு தொழிற்சாலைக்கு 250 பேருக்கு மதிய உணவு ஒப்பந்தம் கிடைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ருசியில் ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் கையில் இருந்து எட்டாயிரம் வெள்ளி போயிருந்தது. தேங்காய் விலை ஏறியதை, எண்ணெய் விலை ஏறியதை நான் தட்டின் விலையில் ஏற்றவே இல்லை. ஒரு தட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது, மொத்தமாகச் சந்தைக்குப் போவேன், மொத்தமாகச் சமைப்பேன். அப்புறம் வேலைக்கு வந்த ஒரு பெண், எஸ்.கே.எம். படித்தவள், ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு குழம்புக்கும் கிராம் கணக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த நோட்டு இன்னும் என் அடுப்பு மேடையில் இருக்கிறது. அதை நான் இருபது வயதில் கற்றிருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை.

பாட்டி சமையல் உலகத் தரத்துக்குப் போகாது என்று யாராவது சொன்னால் ஜார்ஜ்டவுனுக்கு வரச் சொல்லுங்கள். மிஷலின் கையேடு முதல் தடவை கே.எல்.-க்கும் பினாங்குக்கும் 2022 டிசம்பரில் வந்தபோது நட்சத்திரம் வாங்கிய நாலே உணவகங்களில் ஒன்று ஆண்ட்டி கேக் லீன், சீன, மலாய்ப் பக்குவம் கலந்த வீட்டு நியோன்யா சமையல். அதே பட்டியலில் கே.எல்.-இல் இருந்து வந்த தேவாக்கான் 2015-இல் ஒரு கல்லூரி வளாகத்துக்குள் தொடங்கியது, அதன் செஃப் டேரன் தியோ அங்கே பாடம் நடத்தியவர், பிறகு இரண்டாவது நட்சத்திரமும் வாங்கிவிட்டார். அடுப்படியும் வகுப்பறையும் பக்கத்தில் பக்கத்தில் அப்படி நின்றது. அண்ணனின் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அவர் சொல்லிக் கொடுத்தது வீணாகாது.

கே.எல். கட்டணம் தாங்கவில்லை என்றால் பினாங்கையும் பாருங்கள். பழைய கே.டி.யு. கல்லூரி, 2019-இல் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது, இங்கே சமையற்கலைக்குப் பெயர் வாங்கிய இடம். வாடகையும் சாப்பாடும் கே.எல். அளவுக்கு இழுக்காது.


சன்வே_பஸ்
செவ்வாய், இரவு 10.15

நான் இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன், இரண்டாம் வருடம், கிள்ளானிலிருந்து தினமும் போய் வருகிறேன், அதனால் எழுதுகிறேன் அங்கிள். சுபாங் ஜெயா, சன்வே பக்கம் என்றால் கே.டி.எம். ரயில் பிடித்து செத்தியா ஜெயாவில் இறங்கி பி.ஆர்.டி. பஸ். 50 வெள்ளி மாத அட்டை பி.ஆர்.டி.-க்குச் செல்லும், கே.டி.எம்.-க்குச் செல்லாது, அந்தச் செலவைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரில் இருக்கும் கல்லூரி என்றால் கே.எல். சென்ட்ரல் வந்து மோனோரயிலில் இம்பி நிலையம். காலை எட்டு மணிக்குச் சமையலறையில் சீருடையோடு நிற்க வேண்டும், ஐந்து நிமிடம் பிந்தினால் எங்கள் ஆசிரியர் கதவைத் திறக்க மாட்டார். நான் நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன். கே.டி.எம். தாமதமானால் அன்றைய செய்முறை மதிப்பெண் போச்சு. ரொம்ப தூரம் என்றால் வாரநாளில் விடுதி எடுப்பதே நல்லது.

பெரிய பிரெஞ்சுப் பெயர்களைப் பற்றியும் கேட்பீர்கள். லெ கோர்டன் புளூ 1895-இல் பாரிஸில் தொடங்கியது, சன்வேயோடு சேர்ந்து இங்கேயும் நடத்துகிறது. அதில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று படிப்படியாகப் போகும், சமையல் தனி, பேஸ்ட்ரி தனி, இரண்டும் முடித்தால் பெரிய டிப்ளோமா. குறுகிய காலம், செறிவான செய்முறை. டெய்லர்ஸ் அப்படியில்லை, பிரான்ஸின் துலூஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு வைத்துக்கொண்டு டிப்ளோமா, பட்டம் என்று நீளப் பாதை. எது வேண்டும் என்பது உங்கள் மகள் சமையலறையில் நிற்க விரும்புகிறாளா, பின்னாளில் நிர்வாகம், பாடம் நடத்துவது என்று போக விரும்புகிறாளா என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் கதவைத் திறக்கும் என்றுதான் எனக்கு மேலே படித்த அக்காமார்கள் சொல்கிறார்கள்.


சூடான_அடுப்பு
செவ்வாய், இரவு 11.55

பெயர் முதல் வேலைக்கு உதவும், அதை மறுக்கவில்லை. இரண்டாவது வேலைக்கு யாரும் கல்லூரி பெயர் கேட்பதில்லை, எங்கே வேலை செய்தாய், யாரிடம் என்றுதான் கேட்பார்கள். கடன் வாங்கிப் பெயரை வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. கையில் பணம் இருந்தால் அது வேறு பேச்சு.


வாழையிலை
புதன், மாலை 4.20

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். இந்த இழையை என் மனைவி அனுப்பினார். மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிறேன்.

எங்கள் கடை சமையல்காரர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். நல்ல உழைப்பாளிகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெர்மிட் நின்றால் அடுப்பு நிற்கிறது. வெளிநாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று எங்கள் உணவகச் சங்கம் வருடா வருடம் அரசாங்கத்தின் கதவைத் தட்டுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று கேட்டால் எங்கள் மேலேயும் தப்பு இருக்கிறது. நாங்கள் கொடுக்கும் சம்பளம், நேரம், அந்தச் சமையலறைச் சூடு, இதில் எந்தப் படித்த பிள்ளை நிற்கும்?

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிப்ளோமா முடித்த ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். கல்லூரியில் நம் சமையல் ஒரு வாரம்தான் வந்ததாம், ஆசிய உணவு என்ற பாடத்தில் தாய், ஜப்பான், சீனாவோடு சேர்த்து. சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே நாள். எனக்குக் கோபம்தான் வந்தது, இந்த நாட்டில் நாம் இத்தனை தலைமுறையாகச் சமைக்கிறோம். ஆனால் அந்தப் பெண் என் தலைமைச் சமையல்காரர் பக்கத்தில் தராசை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் கை அள்ளும் புளியை அவருக்குத் தெரிந்தே பாத்திரத்தில் வாங்கி எடை போட்டாள். இட்லி மாவு பகலில் எத்தனை மணியில் பொங்குகிறது, குளிர்சாதனம் ஓடும் இரவில் எத்தனை மணி என்று ஒரு மாதம் குறித்தாள். இப்போது அவர் ஊருக்குப் போனாலும் என் சாம்பார் மாறுவதில்லை. அவளுக்கு நான் சாதாரணமாகக் கொடுப்பதைவிட ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறேன், அது அவளுக்கு உரியதுதான்.

கே.எல்.-இல் ‘நாடோடி’ என்ற உணவகம் தென்னிந்திய, இலங்கைச் சுவையை உயர்தர மேசைக்குக் கொண்டுபோயிருக்கிறது. அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும் என்றால் பாட்டியின் கையும் வேண்டும், கல்லூரியின் தராசும் வேண்டும். கிள்ளான் அண்ணா, உங்கள் மகள் படிக்கும்போதே பாட்டியின் பக்குவங்களைக் கிராமில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அம்மா இருக்கும்போதே.


கிள்ளான்_அப்பா
அடுத்த சனி, இரவு 9.50

மூன்று இடம் போய்ப் பார்த்துவிட்டோம், சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். கல்லூரிப் பெயர் போடவில்லை.

முதல் இடத்தில் வகுப்பு நடக்கும்போது உள்ளே பார்க்க விடமாட்டோம் என்றார்கள், சுகாதாரக் காரணமாம். கண்ணாடிகூட இல்லை. காபி கொடுத்து அனுப்பினார்கள். இரண்டாவது இடம் ரொம்ப அழகு, ஏரி, பெரிய வளாகம், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், ஒரு பிள்ளை ஒரு தட்டு. ஆனால் மொத்தச் செலவைக் கூட்டினால் எனக்குத் தாங்காது, இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. மூன்றாவது சின்ன இடம், பெட்டாலிங் ஜெயா பக்கம், திறன் பாதை. வெளியே பார்த்தால் சாதாரணக் கடைவரிசை. உள்ளே பதினாறு பிள்ளைகள், ஆளுக்கு ஓர் அடுப்பு, வாரத்தில் நாலு நாள் செய்முறை. ஒரு பையன் சாஸைத் திரிய விட்டுவிட்டான், ஆசிரியர் திட்டவில்லை, ஐஸ் தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி அடிக்கச் சொல்லி, அவன் கையாலேயே சரி செய்ய வைத்தார். மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், அப்பா இங்கேதான் என்று.

மாட்டிறைச்சியைப் பற்றி அந்த ஆசிரியரிடம் அவளே கேட்டாள். வெட்டவும் சமைக்கவும் வேண்டும், தேர்வில் அது வரும், ருசி பார்க்கக் கட்டாயமில்லை என்றார். அவள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். வீட்டில் அம்மாவிடம் நான் சொல்ல இரண்டு நாள் ஆனது. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு என் அடுப்பைத் தொடட்டும் என்றார். அவ்வளவுதான்.

மூணாம்_படி ஐயா சொன்ன மாதிரி அங்கீகாரத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன், மூன்றாம் படி வரை இருக்கிறது, டி.கே.எம்.-க்கு வேறு மையம் போக வேண்டும். பி.டி.பி.கே. கடனுக்குப் பாரம் எடுத்தாயிற்று. சேர்வதற்கு முன்னால் டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள், அதை எங்கே செய்வது? கத்தியும் காலணியும் நாமே வாங்கலாம் என்றார்கள், அதையும் சொல்லுங்கள்.


மூணாம்_படி
அடுத்த சனி, இரவு 10.30

நல்ல முடிவு, வாழ்த்துகள். ஊசி எந்தத் தனியார் கிளினிக்கிலும் போடலாம், மூன்று வருடத்துக்குச் செல்லும், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். பயிற்சி அரை நாள்தான், சுகாதார அமைச்சு அங்கீகரித்த மையமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கிள்ளானிலேயே கிடைக்கும். மகளுடைய அடையாள அட்டை நகலை எடுத்துப் போங்கள்.


சூடான_அடுப்பு
அடுத்த சனி, இரவு 11.40

கத்திப் பெட்டி முழுசாக வாங்க வேண்டாம் அண்ணே, பதினைந்து கத்தியில் பன்னிரண்டைத் தொட மாட்டாள். எட்டு அங்குல செஃப் கத்தி ஒன்று, சின்னக் கத்தி ஒன்று, சாணைக் கல் ஒன்று. கத்தியை அவள் கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், இணையத்தில் வேண்டாம். மிச்சப்படும் காசைக் காலணியில் போடுங்கள், வழுக்காத அடிப்பாகம், மூடிய முன்பக்கம், அரை அளவு பெரிது. பன்னிரண்டு மணி நேரம் நின்றால் கால் வீங்கும். மூன்றாம் படி முடிக்கும்போது தொழிற்பயிற்சிக்கு இடம் தேடினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள். பழம் வெட்ட விடமாட்டேன்.